கணித மேதை இராமானுஜனும் சார்புகளும்

சேலத்து மாம்பழம், நாமக்கல் முட்டை, ராசிபுரத்து நெய், ஆத்தூர் கிச்சிலிச் சம்பா என்று நமது வட்டாரத்துக்குப் பெயர் வாங்கித் தந்த பொருள்கள் பலவுண்டு. ஆனால் உலகக் கணித வரலாற்றிலும் நாமக்கல்லின் பெயர் இடம்பெற்றிருக்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கணித மேதை சீனிவாச இராமானுஜனைப் பற்றி எழுதிய மேனாட்டுப் பேராசிரியர் பலரும் நாமக்கல் நாமகிரித் தாயாரின் பெயரை எழுதாமல் விட்டதில்லை. அவருடைய தாய்வழிக் குடும்பத்தின் தெய்வம் அது. அவர் பிறந்ததோ காவிரிக்கு அக்கரையிலுள்ள ஈரோட்டில். ஆகவே அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு. கும்பகோணத்தார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பத்தாம் வகுப்புக் கணிதத்தின் முதல் பாடம் உறவுகளும் சார்புகளும் ஆகும். இராமானுஜன் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்ததும் பெரும்பாலும் சார்புகளையே. சார்பு என்பது யாது? நமது ஊர்களில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய வண்டி சேகோ ஆலைக்குப் போகிறது. அங்கே கிழங்கை எடை போடுகிறார்கள். மாவுச்சத்து எவ்வளவு என்று சோதித்து, இத்தனை பாயிண்ட் என்று சொல்கிறார்கள். எடையும் பாயிண்டும் உள்ளே போகின்றன, உழவருக்குரிய தொகை வெளியே வருகிறது. வண்டிதோறும் மதிப்புகள் மாறும், விதி மாறாது. அந்த விதியே சார்பு. மேல்நிலை வகுப்பு அக்காமார் படிக்கும் கணினி அறிவியலில் இதனைச் செயற்கூறு என்கிறார்கள். மதிப்பு வந்து அமர்வதற்காக விதியில் காத்திருக்கும் காலி இடத்துக்கு அளபுரு என்று பெயர். இந்த ஒரு சொல்லை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்க்கை வரலாற்றுக்குள் செல்வோம்.

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் ஈரோட்டில், தாயாரின் பிறந்த வீட்டில் பிறந்தார். தாயார் கோமளத்தம்மாளுக்குத் திருமணமாகிச் சில ஆண்டுகள் பிள்ளைப்பேறு இல்லாதிருந்தது. அதனால் பெற்றோர் நாமகிரித் தாயாரை வேண்டிக்கொண்டார்கள் என்று கூறுவர். தந்தையார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கர். சாரங்கபாணி சன்னிதித் தெருவில் ஒரு சிறு வீடு. இரண்டு வயதில் பெரியம்மை கண்டு குழந்தை பிழைத்ததே பெரிது. அடுத்துப் பிறந்த குழந்தைகள் சிசுப் பருவத்திலேயே இறந்தன.

1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் மாவட்டத்தில் முதலாவதாகத் தேறி, 1898-ல் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தார். 1903-ல், ஏறக்குறைய நமது வயதில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த ஒரு நூல் அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் வரிசையாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது. வேறு மாணவராயிருந்தால் புத்தகத்தை மூடி வைத்திருப்பார். இவரோ ஒவ்வொன்றையும் தாமே நிறுவிப் பார்க்க உட்கார்ந்துவிட்டார்.

காகிதம் விலை அதிகம். ஆகவே சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், துணி தேடாமல் முழங்கையாலேயே அழிப்பார், முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். உள்ளே என்ன போயிற்று, வெளியே என்ன வந்தது என்பது நோட்டில் நின்றது. நடுவில் நடந்ததெல்லாம் முழங்கையில் கரியாக ஒட்டிக்கொண்டது! பிற்காலத்துக் கணித அறிஞர்கள் பல்லாண்டுகள் உழைத்துத் தேடியது அந்த அழிந்துபோன நடுப்பகுதியைத்தான்.

1904-ல் கணிதத்துக்கான பள்ளிப் பரிசும், கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தன. அதற்குப் பின் வந்ததுதான் நம்மைப் போன்ற மாணவிகள் நெஞ்சு படபடக்கப் படிக்க வேண்டிய பகுதி. கணிதத்தையே எண்ணிக்கொண்டிருந்ததால் மற்றப் பாடங்களில் தோற்றார். உதவித்தொகை பறிபோனது. 1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் போய்விட்டார். 1906-ல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து படித்தும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1907-ல் தனித்தேர்வராக எழுதியும் தேறவில்லை. உடலியல் பாடம் அவருக்கு வரவே இல்லை.

தேர்ச்சியும் ஒரு சார்புதான். எல்லாப் பாட மதிப்பெண்களும் அதற்குள் போகின்றன. ஒவ்வொன்றும் எல்லையைத் தாண்டியிருந்தால் தேர்ச்சி என்று விடை வரும். ஒன்று குறைந்தாலும் வராது. கணிதத்தில் ஒருவர் எத்தனை வாங்கினார் என்று அந்தச் சார்பு வியந்து நிற்பதில்லை. அதைக் குற்றம் சொல்லவும் முடியாது, ஏனெனில் அதற்குள் வைத்த விதி அவ்வளவே. ஆயினும் அந்த விதியின் காரணமாக இருபது வயதில் ஒரு மேதை பட்டமின்றி, வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார் என்பதை எண்ணும்போது நமக்கு மனம் ஆறுவதில்லை.

இங்கே ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வோம். இக்காலத்தில் நமது தேர்வு முடிவுகள் இணையத்தில் வருகின்றன. பதிவு எண், பிறந்த தேதி என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். அவையும் அளபுருக்களே. நாம் நிரப்பியதும் அந்த இரண்டு மதிப்புகளும் தத்தம் பெயரோடு நெடுந்தொலைவிலுள்ள கணினிக்குச் செல்கின்றன. அங்கே இலட்சக்கணக்கான மாணவர் விவரங்கள் அடங்கிய தரவுத்தளம் உள்ளது. இந்த எண்ணும் இந்தத் தேதியும் உடையவரின் வரியை எடுத்துத் தா என்னும் கட்டளையை அங்கே முன்னமே எழுதி வைத்திருப்பார்கள். எண்ணும் தேதியும் மட்டும் காலியாக இருக்கும், நாம் அனுப்பியவை அங்கே போய் அமரும். தேதியில் ஓர் இலக்கம் பிசகினால் நம் வரி கிடைக்காது. சில பக்கங்களில் நாம் கேட்டது மேலே முகவரியிலேயே ஒரு கேள்விக்குறிக்குப் பின்னால் எழுதப்பட்டு எல்லார் கண்ணிலும் படும். கடவுச்சொல் போன்ற மறைவானவற்றை அவ்வாறு அனுப்பலாகாது, கடிதத்தை உறைக்குள் வைப்பதுபோல் கோரிக்கையின் உள்ளே வைத்து அனுப்ப வேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மதிப்பு எழுத வேண்டிய கட்டத்தில் யாரேனும் குறும்பாகக் கட்டளையையே எழுதி அனுப்புவதும் உண்டாம். வந்ததை வெறும் மதிப்பாக மட்டுமே கொள்ளும்படி தரவுத்தளத்தின் செயல்முறையை எழுதுவதே அதற்குக் காப்பு.

நிற்க. 1909 ஜூலை 14-ல் இராமானுஜனுக்கும் இராஜேந்திரம் கிராமத்து ஜானகிக்கும் திருமணம் நடந்தது. மணமகளுக்குப் பத்து வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ! வேலை தேடியே ஆகவேண்டிய நிலை. 1910-ல் திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த இராமசாமி அய்யரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதக் கழகத்தை நிறுவியவர் அவர். நோட்டைப் புரட்டிய அவர், இத்தகைய மேதையை ஒரு தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக அடைக்க மனமின்றி, சென்னையிலுள்ள நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் ஆட்சியர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பண உதவி செய்தார்.

1911-ல் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு வினா விடுத்தார். வர்க்கமூலத்துக்குள் 1, அத்துடன் இரண்டு மடங்கு இன்னொரு வர்க்கமூலம். அதற்குள் 1, அத்துடன் மூன்று மடங்கு இன்னொன்று. அதற்குள் 1, அத்துடன் நான்கு மடங்கு இன்னொன்று. இப்படியே முடிவின்றிப் போனால் மதிப்பு என்ன? அதனுடன் இரண்டாவது வினாவும் இருந்தது. அதில் 1, 1, 1 என்பதற்குப் பதிலாக 6, 7, 8 என்று வரும். மாதங்கள் சென்றும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். முதலாவதற்கு விடை 3, இரண்டாவதற்கு விடை 4.

இதை நாமே செய்து பார்க்கலாம். 3 என்பது 9-இன் வர்க்கமூலம். 9 = 1 + 2 × 4. அந்த 4 என்பது 16-இன் வர்க்கமூலம். 16 = 1 + 3 × 5. அந்த 5 என்பது 25-இன் வர்க்கமூலம். 25 = 1 + 4 × 6. இவ்வாறே போய்க்கொண்டிருக்கும். ஒரு சார்பு தன்னையே மறுபடி அழைத்து, ஒவ்வொரு முறையும் ஒன்று கூட்டிய எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புகிறது! கணினி நிரல் எழுதுவோர் இன்று இம்முறையை நாள்தோறும் கையாள்கின்றனர். முடிவின்றிப் போகவிடாமல் ஓரிடத்தில் நிறுத்திக்கொள்வது ஒன்றே வேறுபாடு.

இரண்டு வினாக்களும் தனித்தனியானவை அல்ல என்பதே இதிலுள்ள அழகு. இராமானுஜனின் நோட்டில் ஒரே ஒரு பொது விதி இருக்கிறது. அதில் மூன்று காலி இடங்கள். 2, 1, 0 என்று வரிசையாக இட்டால் முதல் வினா பிறக்கும். 2, 1, 1 என்று இட்டால் இரண்டாவது வினா பிறக்கும். விடை எப்போதும் அம்மூன்றின் கூட்டுத்தொகையே. வரிசையை மாற்றி 1, 2, 0 என்று இட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் சிலர் கூடிப் போட்டுப் பார்த்தோம். விடை 3 மாறவில்லை, ஆனால் உள்ளிருக்கும் எண்கள் எல்லாம் மாறி வேறொரு வினாவாகிவிட்டது. 9 = 4 + 1 × 5, 25 = 4 + 3 × 7, 49 = 4 + 5 × 9 என்று அது செல்கிறது. எந்த இடத்தில் எதை அனுப்புகிறோம் என்பது எத்துணை முக்கியம் பாருங்கள்! இணையக் கோரிக்கையில் ஒவ்வொரு மதிப்போடும் அதன் பெயரையும் சேர்த்து அனுப்புவதால் இவ்வகைக் குழப்பம் குறைகிறது.

1912 மார்ச் 1-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. தலைமைக் கணக்கர் நாராயண அய்யரும் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை ஆதரித்தனர். இங்கிலாந்துப் பேராசிரியர்களுக்கு எழுதுமாறு பலரும் தூண்டினர். பேக்கர், ஹாப்சன் என்னும் இருவரிடமிருந்து உதவி கிடைக்கவில்லை. 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஹார்டிக்கு எழுதினார். தாம் ஓர் எழுத்தர் என்று ஆரம்பித்துப் பக்கம் பக்கமாக முடிவுகள், நிரூபணம் ஏதுமில்லை. மூவருக்கும் போனது ஏறத்தாழ ஒரே வகைக் கடிதந்தான். வாங்கிப் படித்தவர் மாறியதால் விளைவு மாறியது. ஹார்டியும் முதலில் ஏமாற்று வேலையோ என்று ஐயுற்றார். பின்பு நண்பர் லிட்டில்வுட்டை அழைத்து அன்றிரவே ஆராய்ந்து, எழுதியவர் மேதை என்று துணிந்தார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை அளித்தது.

அடுத்து இங்கிலாந்துப் பயணம். கடல் கடந்தால் சாதியிலிருந்து தள்ளிவைப்பார்கள் என்று அஞ்சிய காலம் அது. தாயார் இணங்கவில்லை. இராமானுஜன் நாமக்கல்லுக்கு வந்து கோயிலில் மூன்று இரவுகள் தங்கியிருந்தார் என்றும், தாயார் கனவில் நாமகிரித் தாயாரே அனுமதி தந்தார் என்றும் சொல்கிறார்கள். மலையை ஒட்டிக் குடைந்த நரசிம்மர் கோயிலையும், எதிரே வெட்ட வெளியில் 18 அடி உயரம் நிற்கும் ஆஞ்சநேயரையும் காண வெளியூரிலிருந்து வருவோரில் எத்தனை பேருக்கு இச்செய்தி தெரியுமோ! குடுமியை எடுத்துவிட்டு, 1914 மார்ச் 17-ல் நெவாசா என்னும் கப்பலில் அவர் புறப்பட்டார்.

கேம்பிரிட்ஜில் ஐந்தாண்டுகள். அதே 1914-ல் உலகப் போர் மூண்டது. மரக்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, பொறுக்க முடியாத குளிர், தாமே சமையல். ஆனால் ஆராய்ச்சி ஓங்கி வளர்ந்தது. அவற்றுள் எங்களுக்குப் புரிந்த ஒன்றைச் சொல்கிறோம். நான்கு முட்டைகளை எத்தனை விதமாகப் பிரித்து வைக்கலாம்? நான்கும் ஒன்றாக, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கும் தனித்தனியாக என்று ஐந்து விதம். இதற்குப் பிரிவினைச் சார்பு என்று பெயர். 4-ஐ அனுப்பினால் 5 வரும். 10-ஐ அனுப்பினால் 42 வரும். 100-ஐ அனுப்பினால் 19,05,69,292 வரும்! எண்ணிப் பார்த்து மாளாது. இதற்கு ஹார்டியும் இராமானுஜனும் 1918-ல் ஒரு சூத்திரம் வெளியிட்டார்கள். மக்மகோன் என்பவர் 200 வரை கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். சூத்திரத்தில் 200-ஐ இட்டதும் 39,72,99,90,29,388 என்னும் அவருடைய விடையே வந்தது, வேறுபாடு வெறும் 0.004. இன்னொரு விந்தை: 4, 9, 14, 19 என்று ஐந்து ஐந்தாகக் கூட்டி அனுப்பினால் 5, 30, 135, 490 என்று 5-ஆல் வகுபடும் எண்களே வரும். இது ஒருபோதும் தவறாது என்று நிறுவியவர் இராமானுஜன்.

1917-ல் நோய் கண்டது. மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று. ஹார்டி வந்த வாடகைக் காரின் எண் 1729 என்றதும், இரண்டு கனங்களின் கூடுதலாக இருவிதமாய் எழுதத்தக்க மிகச்சிறிய எண் அது என்று படுக்கையிலிருந்தே அவர் சொன்ன கதை எல்லாரும் அறிந்ததாகையால் விரிக்கவில்லை. 1918-ல் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டியின் ஃபெல்லோவாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். எஃப்.ஏ. தேறாதவர் அடைந்த பெருமை இது!

அவர் அங்கிருந்து மனைவிக்குக் கடிதங்கள் எழுதினார். அவை தம் கைக்கு வரவில்லை, மாமியாரே வாங்கி வைத்துக்கொண்டார் என்று ஜானகியம்மாள் பிற்காலத்தில் கூறினார். அனுப்பியவர் அனுப்பினார், பெறவேண்டியவர் பெறவில்லை. இருவருமே மற்றவர் தம்மை மறந்துவிட்டதாக எண்ணியிருப்பார்களோ? 1919 மார்ச்சில் பம்பாயில் கப்பல் நின்றபோது தாயாரும் தம்பியும் கரையில் நின்றார்கள். ஜானகி அங்கே இல்லை. அவள் எங்கே என்பதே அவர் முதலில் கேட்டது என்பர்.

சென்னை வெயில் ஆகாதென்று அந்தக் கோடையில் அவரைக் கொடுமுடிக்குக் கொண்டுவந்தார்கள். காவிரியின் எதிர்க்கரை இன்று நாமக்கல் மாவட்டம். நோய் தணியவில்லை. ஜானகியம்மாள் அருகிருந்து ஒத்தடம் கொடுத்துப் பணிவிடை செய்தார். ஓராண்டேனும் சேர்ந்து வாழ்ந்தது அப்போதுதான். 1920 ஜனவரி 12-ல் ஹார்டிக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். போலித் தீட்டா சார்புகள் என்று தாமே பெயரிட்ட புதிய சார்புகள் 17-ஐ அதில் தந்தார். இறப்பதற்குச் சில நாள் முன்புவரை படுத்தபடியே கணக்குப் போட்டார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னைச் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. வயது 32.

அந்தக் கடைசித் தாள்கள் பல்கலைக்கழகத்துக்குப் போய், 1923-ல் ஹார்டிக்குச் சென்று, வாட்சன் என்பவரிடம் கிடந்து, டிரினிட்டி நூலகத்தில் அடங்கின. 1976-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். போலித் தீட்டா சார்புகளின் உட்பொருளை 2002-ல் டச்சுக்காரரான ஸ்வெகர்ஸ் விளக்கினார். 82 ஆண்டுகள்! 1914-இல் இராமானுஜன் வெளியிட்ட பை பற்றிய சூத்திரம் ஒன்றைக் கொண்டு 1985-ல் கணினியில் 1 கோடியே 70 இலட்சம் இலக்கங்கள் கண்டார்கள். அவர் பிறந்த டிசம்பர் 22, 2012 முதல் தேசியக் கணித நாளாகும்.

பல வரலாறுகள் இவ்விடத்தில் முடிந்துவிடுகின்றன. ஜானகியம்மாள் அப்போது இளம்பெண். பம்பாயில் சகோதரர் வீட்டிலிருந்து தையல் கற்று, பின்பு சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தார். தையல் வருமானமும் பல்கலைக்கழகத்தின் சிறு ஓய்வூதியமுமே ஆதாரம். ஒரு பையனை எடுத்து வளர்த்து ஆளாக்கினார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே என்று முதுமையில் அவர் கேட்டது செய்தித்தாளில் வந்தது. அதைப் படித்து உலகெங்குமுள்ள கணித அறிஞர்கள் பணம் திரட்டினார்கள், கிரான்லண்டு என்னும் சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலை வடித்தார். 1980-களில் அது ஜானகியம்மாளின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994-ல் அவர் காலமானார்.